கனகவல்லியின் தொண்ணூற்றொரு புள்ளிகள்

1

இந்தக் கதை என் கையெழுத்தில் பிறந்த ஒரு பிழை. ஒப்புக்கொண்டுவிட்டே தொடங்குகிறேன்.

1989, மே மாதம். தாம்பரம் வட்டாரக் கபடி லீக்கின் ஆண்டுப் பரிசளிப்பு விழாவுக்குச் சான்றிதழ் எழுதும் வேலை எனக்கு வந்தது. எனக்குக் கபடி தெரியாது. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், அவ்வளவுதான். ‘பருவத்தின் சிறந்த ஆட்டக்காரர்’ என்று கொட்டை எழுத்தில் எழுதி, அதன் கீழே செயலாளர் சொன்ன பெயரையும் எழுதினேன்: வண்டலூர் சேட்டு.

விழாவுக்கு இரண்டு நாள் முன்பே முடிவை எழுதிவிட்டேன். அன்றைக்கு எழுத்தாளன் என்ற நினைப்புகூட எனக்குக் கிடையாது. ஆனால் எழுத்தாளன் புத்தி மட்டும் வந்துவிட்டிருந்தது பாருங்கள்.

2

தொடக்கம் மூன்று எழுதிப் பார்த்தேன்.

‘பம்மலில் தோல் பட்டறைகளின் வாடை எழும் விடியற்காலையில்...’ வேண்டாம். விடியற்காலையில் அந்த ஊரில் வாடையைக் கவனிக்க யாருக்கு நேரமிருக்கிறது?

‘கனகவல்லி சிரித்தால் கன்னத்தில்...’ இதைப் பேபி படித்தால் என் வீட்டுக்கே வந்து கேட்பாள். (பேபி, கனகவல்லியின் அணித் தோழி. பிடியில் கெட்டிக்காரி. அவள் பிடித்த காலை எவரும் உருவிக்கொண்டதில்லை.)

‘ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, நீலப் புடவை கட்டிக்கொண்டு, கனகவல்லி சிட்லபாக்கத்துக் கல்யாண மண்டபத்தின் படியேறினாள்.’

இது நிற்கும். இதிலிருந்தே போகிறேன்.

3

ஏறும்போது அவளுக்குப் பரிசு நினைப்பே இல்லை. தோல் கையுறை தைக்கும் பட்டறையில் அரைநாள் லீவு கிடைத்ததே பெரிது. பட்டறையில் அவளை ‘சடுகுடு’ என்றுதான் கூப்பிடுவார்கள். ‘சடுகுடு, நூல்கண்டை எடு.’ அவளும் எடுத்துக் கொடுப்பாள்.

அந்த வருஷம்தான் லீக்கில் முதன்முறையாகப் பெண்களைச் சேர்த்திருந்தார்கள். கனகவல்லியின் பம்மல் ஒன்று, தாம்பரம் ஒன்று, இரண்டே அணிகள். மோத வேறு ஆளில்லாததால் இரண்டும் தங்களுக்குள்ளேயே எட்டு முறை மோதின. எதிராளியின் கட்டத்துக்குள் ‘கபடி கபடி’ என்று மூச்சு விடாமல் பாடிப்போய், ஆளைத் தொட்டுவிட்டுத் திரும்புவதில் கனகவல்லிக்கு இணையில்லை.

மண்டபத்தில் பந்திக்கூடத்தைக் கடக்கும்போது செயலாளர் ராஜகோபாலனின் குரல் அவள் காதில் விழுந்தது. ரயில்வேயில் அதிகாரி, நல்ல மனிதர், யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்: “அடுத்த சீசன்லேர்ந்து லேடீஸ் வேண்டாம்னு கமிட்டில டிசைட் பண்ணிட்டோம். ஒரு ட்ரையல்தானே சார்.”

கனகவல்லி அப்படியே நின்றாள். அவள் உள்ளங்கை வியர்த்தது. ஆட்டத்தில் கோட்டைத் தாண்டுமுன் வியர்க்கும் அதே வியர்வை.

4

சேட்டுவைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருந்துகொண்டே இருந்தது. முதல் பிரதியில் அவரை வில்லனாக எழுதினேன். மீசையை முறுக்க வைத்தேன். ஒரு பக்கம்கூடத் தாங்கவில்லை. வண்டலூர் மிருகக்காட்சி சாலையில் யானைக்குத் தழை வெட்டிப் போடுகிற மனிதர். புதுச் சட்டையின் காலரில் இருந்த அட்டையை எடுக்க மறந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவரை எப்படி வில்லனாக்குவது? நீங்களே சொல்லுங்கள்.

5

மேடையில் ராஜகோபாலன் மைக்கைத் தட்டினார். “சீசனோட பெஸ்ட் பிளேயர். எண்பத்தெட்டு பாயிண்ட் எடுத்த நம்ம வண்டலூர்...”

“சார், நில்லுங்க.”

(இந்த இடத்தில் ‘அவள் குரல் இடியாக’ என்று எழுதி அடித்தேன். குரல் இடியாக இல்லை. நடுங்கியது.)

கனகவல்லி எழுந்து நின்றிருந்தாள். “நான் தொண்ணூத்தியொண்ணு சார். உங்க நோட்டுலயே கீது. கடைசிப் பக்கத்துல.”

மண்டபம் திரும்பிப் பார்த்தது. ராஜகோபாலன் நோட்டைப் புரட்டினார். கடைசிப் பக்கத்தில் இருந்தது.

“அது சரிம்மா. ஆனா அது லேடீஸ் செக்‌ஷன். அதுக்கு அவார்டு கிடையாதே.”

“ரூலு இன்னா சொல்து சார்? படிங்க.”

அவர் படித்தார். அவரே எழுதிய விதி. “பருவத்தில் அதிகப் புள்ளிகள் எடுக்கும் ஆட்டக்காரருக்கு...” அந்தச் சொல்லில் வந்து நின்றார். திரும்பவும் படித்தார்.

“ஆட்டக்காரர்னா ஆம்பள மட்டுந்தான்னு எங்க சார் போட்டுகீது?” என்றாள் பேபி, உட்கார்ந்த இடத்திலிருந்தே.

அப்போது சேட்டு எழுந்தார். “இன்னாக்கா இது? நீங்க ரெண்டே டீமு. திரும்பத் திரும்ப அதே ஏழு பேரத் தொட்டு எடுத்த பாயிண்டு. நாங்க ஆறு டீமாண்ட மோதிகினு வந்தோம்.”

நியாயமான கேள்வி. மூன்று வாரம் இதற்குப் பதில் தேடி உட்கார்ந்திருந்தேன். என்னால் எழுத முடியவில்லை. கனகவல்லி அன்று சொன்னதையே போடுகிறேன்:

“அதே ஏழு பேருதாண்ணா. அதான் எனக்கு பேஜாரு. நான் எந்தப் பக்கம் திரும்புவேன், எந்தக் கால நீட்டுவேன், எங்க மூச்சு வாங்குவேன், எல்லாம் அவுங்களுக்கு அத்துப்படி. தெரிஞ்சும் புடிக்க முடியல.”

பாடிப்போகிறவனுக்குத்தான் அது புரியும். சேட்டுவின் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு பரவியது.

“சார், கப்ப அவுங்களாண்ட குடுங்க” என்றார். “இது எனுக்கு வாணாம்.”

தாம்பரம் அணிப் பெண்கள்தான் முதலில் விசிலடித்தார்கள். எட்டு முறை அவளைத் துரத்திக் களைத்த அதே ஏழு பேர்.

6

என்னை மேடைக்குக் கூப்பிட்டு, அங்கேயே வேறொரு சான்றிதழ் எழுதச் சொன்னார்கள். அவசரத்தில் ‘வல்லி’யின் மேல்சுழி கோணிப்போனது. பெயரைக் கேட்டு எழுதிய பிறகு கனகவல்லி எட்டிப் பார்த்து, “நல்லாத்தான் சார் கீது” என்றாள். கோப்பையை வாங்கியவள் இறங்கவில்லை. மைக்குப் பக்கத்திலேயே நின்று, “அடுத்த வருஷமும் எங்க டீமுங்க உண்டுன்னு சொல்லுங்க சார், எறங்கறேன்” என்றாள். ராஜகோபாலன் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். கூட்டத்தைப் பார்த்தார். “உண்டும்மா” என்றார், மைக்கிலேயே.

அடுத்த பருவத்தில் பெண்கள் அணி நான்கு. இது கதைக்காகச் சேர்த்ததில்லை.

7

இங்கே முடித்திருக்கலாம். ஆனால் சேட்டு விடவில்லை. மேடையேறி வந்தார்.

“கப்பு உன்னுதுக்கா. மூச்சு யாருது பெருசுன்னு மட்டும் பாத்துடலாமா?”

“பாத்துடலாண்ணா.”

இருவரும் ஒரே மைக்கின் இரண்டு பக்கம் நின்றார்கள். பேபி கையைத் தூக்கி இறக்கினாள். தொடங்கிவிட்டது. சமையல்காரர் கரண்டியோடு வெளியே வந்து நின்றார். சேட்டுவின் கழுத்து நரம்பு புடைத்தது. கனகவல்லி சேட்டுவின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் சிரிப்பு வந்துவிடும், சிரித்தால் மூச்சு போய்விடும் என்று தன் கால்விரலையே பார்த்துக்கொண்டு பாடினாள். அரை நிமிஷம். இன்னும் கொஞ்சம். இன்னும்...

வென்றது சேட்டுதான் என்று வண்டலூர்க்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள். பம்மலில் கேட்டால் அடிக்க வருவார்கள். முன்னால் நின்று பார்த்தவன் நான். எனக்குத் தெரியும். ஆனால் ஒருமுறை முடிவை முன்கூட்டியே எழுதிப் பட்டவன், இந்த முறை எழுதமாட்டேன்.

நீங்கள் எந்த ஊர்ப்பக்கம் என்று முடிவுசெய்துகொள்ளுங்கள். மூச்சை நன்றாக இழுத்துக்கொள்ளுங்கள். அவர்களோடு சேர்ந்து பாடுங்கள், வீட்டில் யாராவது திரும்பிப் பார்த்தாலும் பரவாயில்லை:

கபடி கபடி கபடி கபடி கபடி கபடி கபடி கபடி