சிவப்புக் கோட்டுச் சக்கரத்திடம் சொன்னது

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஃபிர்மின் சமையலறையில் நின்று உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். தெருவில் கிர்ரென்று சத்தம் வந்தது. கத்தியைப் போட்டுவிட்டு சன்னலுக்கு ஓடினார். ஹோலெகெம் ஊர்ச் சைக்கிள் சங்கம் போய்க்கொண்டிருந்தது. எல்லோருக்கும் ஒரே மாதிரி நீலச் சட்டை. அவர்களில் பாதிக்கு மேல் அவரோடு செங்கல் சூளையில் வேலை பார்த்தவர்கள். ஃபிர்மின் கையை ஆட்டினார். ஒருத்தரும் திரும்பவில்லை. குனிந்து மிதிக்கிறவனுக்கு அடுத்தவன் வீட்டுச் சன்னல் எங்கே தெரியப்போகிறது?

சூளையை மூடி இரண்டு வருஷம் ஆகிறது. முப்பத்தொரு வருஷம் அந்த ஆட்களோடு சேர்ந்து தின்று, திட்டி, சிரித்துப் பழகிய மனிதர். இப்போது வாரம் முழுக்க அவரிடம் பேசுவது மனைவி கொலெட்டும் வானொலியும்தான். வானொலி பதில் கேட்காது. கொலெட் கேட்பாள், அதுதான் சிரமம்.

"அங்கயே நின்னு முதுகை எண்ணிக்கிட்டிரு. கிழங்கு தானா உரிஞ்சுக்கும்."

"இருபத்திரண்டு பேர்."

"போன வாரமும் அதேதான். நீயும் ஒரு சைக்கிளை வாங்கிட்டுப் போனா இருபத்திமூணு. வீட்ல உக்காந்து உக்காந்து நாய்கிட்ட அரசியல் பேச ஆரம்பிச்சுட்டே."

"நாய் ஒத்துக்குதே."

"கழுத்து ஒத்துக்குமா? அதைக் கேட்டுக்க முதல்ல."

கழுத்து என்றதும் ஃபிர்மின் கிழங்குக்குத் திரும்பினார். சூடான கல்லைத் தலைமேல் வாங்கி வாங்கி அடுக்கியதில் அவர் கழுத்தெலும்பு இரண்டு தேய்ந்துபோய், போன வருஷம் ஆபரேஷன் செய்து திருகாணி போட்டிருந்தார்கள். அதிலிருந்து தலை மேலே நிமிராது. இது கொலெட்டுக்கும் டாக்டருக்கும் மட்டும்தான் தெரியும். ஊருக்கு, மூன்று வாரம் ஸ்பெயினில் கடற்கரையில் படுத்திருந்ததாகச் சொல்லியிருந்தார். வெள்ளைக் காகிதம் மாதிரி திரும்பி வந்தவரைப் பார்த்து மச்சினன் ருலாண்ட், "என்ன மாப்ள, வெயிலே படலியா?" என்று கேட்டபோது, மூன்று வாரமும் மழை என்றார்.

ஏன் மறைக்க வேண்டும் என்று கேட்பீர்கள். அந்த ஊரில் முட்டி வலி என்று சொன்னவனுக்குப் பிறந்தநாள் பரிசாகக் கைத்தடி வரும். ஒருத்தன் மலச்சிக்கல் என்று சொல்லப்போய், ஆறு மாதம் அவனை அந்தப் பெயராலேயே கூப்பிட்டார்கள். சிரிப்பது அவர்களுக்குப் பழக்கம். அந்தச் சிரிப்பில் ஃபிர்மினின் குரல்தான் எப்போதும் உரக்கக் கேட்கும். அதனால்தான் அவருக்கு அவ்வளவு பயம்.

அடுத்த சனிக்கிழமை தனியாகப் போய்ச் சைக்கிள் பார்க்கலாம் என்று கிளம்பினார். ஆனால் அந்த ஊரில் ஒருத்தன் முதல் சைக்கிள் வாங்குவது பெண் பார்க்கப் போவதுபோல. கடை வாசலிலேயே ருலாண்டும் சங்கத் தலைவர் ஒமேரும் காப்பிக் கோப்பையோடு நின்றார்கள்.

"கொலெட் சொன்னா. நீ ஏமாந்துடக் கூடாதுன்னு வந்தோம், மாப்ள."

கடைக்காரி ஹில்டா ஒரு தாளை எடுத்துக்கொண்டு வந்தாள். ஆளை அளந்துதான் சைக்கிள் கொடுப்பாள் அவள்.

"எடை?"

ஃபிர்மின் பின்னால் பார்க்கவில்லை. பார்க்கவும் முடியாது. ஆனால் இரண்டு பேரின் காதும் நீண்டது தெரிந்தது.

"எண்பத்திரண்டு."

ஹில்டா அவர் தொப்பையைப் பார்த்தாள். தொண்ணூற்றேழுக்கு ஒரு கிலோ குறையாது. அவர் சொன்னதையே எழுதினாள்.

"வாரத்துக்கு எவ்வளவு தூரம் மிதிப்பீங்க?"

"நூறு... நூத்தி இருபது." ரொட்டிக் கடைக்கும் வீட்டுக்கும்தான் அவர் மிதித்தது. அதுவும் கொலெட்டின் கூடை வைத்த சைக்கிளில்.

"முதுகு, கழுத்து, முட்டி, ஏதாவது தொந்தரவு?"

"எனக்கா? கல்லு மாதிரி இருக்கேன்."

"குனிஞ்சு கால் விரலைத் தொடுங்க."

முட்டி வரைக்கும் போன கை அங்கேயே நின்றது. "பேண்ட் இறுக்கமா இருக்கு," என்றார் ஃபிர்மின்.

ஹில்டா உள்ளே போய் ஒரு சைக்கிளை உருட்டி வந்தாள். பச்சை நிறம். "இது நெடுந்தூரச் சைக்கிள். ஹேண்டில்பார் உசரம், அதனால கழுத்தை ஒடிக்காம முன்னால பார்க்கலாம். டயர் அகலம், நம்ம கருங்கல் ரோட்டுல பல்லு ஆடாது. மேட்டுக்குன்னு லேசான கியர் இருக்கு. அஞ்சு மணி நேரம் உக்காந்தாலும் மறுநாள் நடக்கலாம். முதல் சைக்கிளுக்கு இதைவிட நல்லது என்கிட்ட இல்ல."

ஃபிர்மின் ஏறி உட்கார்ந்தார். கை தானாகப் போய்ப் பிடித்தது. ஆபரேஷனுக்குப் பிறகு முதல்முறையாகக் குனிந்த நிலையில் எதிர்ச்சுவர் முழுசாகத் தெரிந்தது. இறங்கவே மனசில்லை.

"நல்லாருக்கு மாப்ள," என்றான் ருலாண்ட். "முன்னாடி கூடை ஒண்ணு மாட்டினா முட்டை வாங்கப் போலாம்."

ஒமேர் காப்பியை உறிஞ்சினார். "போன வருஷம் ஒருத்தன் இதே மாதிரிதான் வாங்கினான். இப்போ பாதிரியார் பக்கத்துல, கடைசி வரிசைல வர்றான். பாவமன்னிப்புக்கு வசதி."

ஃபிர்மின் இறங்கிவிட்டார். சுவரில் தொங்கிய கறுப்புப் பந்தயச் சைக்கிளைக் காட்டினார். ஹேண்டில்பார் இருக்கைக்கும் கீழே இருந்தது, டயர் விரல் தடிமன். "அது," என்றார்.

ஹில்டா தாளை மடித்தாள். "இந்தத் தாள்ல எழுதியிருக்கிற ஆளுக்கு அது சரியாத்தான் இருக்கும். அந்த ஆளை நான் இன்னும் பார்க்கல."

அடுத்த ஞாயிறு ஃபிர்மின் நீலச் சட்டைக்குள் வயிற்றைத் திணித்துக்கொண்டு இருபத்திமூன்றாவது ஆளாகக் கிளம்பினார். தேவாலயத்தைத் தாண்டுவதற்குள் விஷயம் புரிந்துவிட்டது. அந்த ஹேண்டில்பாரைப் பிடித்தால் தலை தரையைத்தான் பார்க்கும். நிமிர்த்தினால் திருகாணி கத்தியது. அவருக்குத் தெரிந்தது எல்லாம் முன்னால் போகிற ருலாண்டின் பின்சக்கரம்தான். அதன் ஓரத்தில் சிவப்புக் கோடு ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. அதை விட்டால் வேறு வழியில்லை என்று அதையே பிடித்துக்கொண்டார்.

கருங்கல் சாலை வந்தது. சூளையில் கல் உடைக்கும் இயந்திரத்துக்குள் தலையை விட்டால் எப்படியிருக்கும், அப்படி. கன்னம், தொப்பை, மூக்கு எல்லாம் தனித்தனியாக ஆடின. கை மரத்துப்போனது. அதைத் தாண்டி நாற்சந்தியில் வேறு ஊர்ச் சங்கம் ஒன்று குறுக்கே வந்து, இரண்டு கூட்டமும் ஒரு நிமிஷம் கலந்து பிரிந்தது. மணிச் சத்தம், வசவு, சிரிப்பு. ஃபிர்மின் சிவப்புக் கோட்டை விடவில்லை.

பீட்ரூட் வயல் நடுவே எதிர்காற்று பிடித்தது. வலி பொறுக்க முடியவில்லை.

"மச்சான்," என்றார் சக்கரத்தைப் பார்த்து. "கொஞ்சம் மெதுவா."

சக்கரம் மெதுவானது.

ருலாண்ட் சொன்ன சொல் கேட்பது பிறந்ததிலிருந்து இதுதான் முதல்முறை. கேட்கிற காது கிடைத்ததும் உள்ளே கிடந்தது எல்லாம் வெளியே வந்தது.

"மச்சான், சிரிக்காதே. ஸ்பெயினும் இல்ல, மழையும் இல்ல. ஆஸ்பத்திரில கிடந்தேன். கழுத்துல ரெண்டு திருகாணி. எண்பத்திரண்டுன்னதும் பொய். தொண்ணூத்தியேழு. பின்ன என்ன செய்யச் சொல்றே? உண்மையைச் சொன்னா நீங்க சிரிப்பீங்க. சொல்லாட்டி நான் தனியா உக்காந்து நாயோட பேசணும். ரெண்டு வருஷமா ஞாயித்துக்கிழமை வந்தா அழுகையா வருது, மச்சான்."

சக்கரம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் சற்றே இடப்பக்கம் நகர்ந்து அவருக்குக் காற்றை மறைத்தது. ஒரு மேட்டில் அவர் தத்தளித்தபோது காத்திருந்தது. மச்சினன் இவ்வளவு நல்லவன் என்று தெரியாமல் இத்தனை வருஷம் திட்டிவிட்டோமே என்று ஃபிர்மின் வருத்தப்பட்டார்.

கடைசியில் ஒரு காப்பிக்கடை வாசலில் சக்கரம் நின்றது. ஃபிர்மின் இறங்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, உடம்பு மொத்தத்தையும் பின்னால் சாய்த்து நிமிர்ந்தார். சுற்றிலும் மஞ்சள் சட்டை. ஊரே வேறு. எதிரே அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அவள் சைக்கிளின் ஹேண்டில்பார் நல்ல உயரம். பின்சக்கரத்தில் சிவப்புக் கோடு.

"ருலாண்ட் எங்க?" என்றார் ஃபிர்மின்.

"அவர் யாருன்னு தெரியாது. ஆனா நீங்க அவரைப் பத்தி நிறைய சொல்லிட்டீங்க. என் பேரு யோசியான்."

"நீங்க... ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"முப்பது வருஷமா பஸ் ஓட்டுறேன். பின்னாடி உக்காந்து பேசுறவங்களுக்குப் பதில் சொல்லிப் பழக்கமில்ல." உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்தாள். "முதல்ல பைத்தியம்னு நெனச்சேன். அப்புறம்தான் பொறுக்க முடியாம பேசுறீங்கன்னு புரிஞ்சுது. பாதியில நிறுத்தச் சொல்ல மனசு வரல."

ஒமேரைத் தெரியாத சங்கம் அந்தப் பக்கத்தில் கிடையாது. அவளே போன் போட்டுச் சொன்னாள். அரை மணியில் நீலச் சட்டைகள் வந்து இறங்கின. காணாமல் போனவனைத் தேடி இரண்டு பள்ளத்தில் இறங்கிய கோபம் எல்லோருக்கும். ருலாண்ட் வாசலிலிருந்தே ஆரம்பித்தான்.

"என்ன மாப்ள, பொம்பள பின்னாடி போயிட்டியாமே! கொலெட்கிட்ட யார் சொல்றது, நானா, ஒமேரா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஃபிர்மினும் சிரிக்க வாயைத் திறந்தார். யோசியான் சீஸ் துண்டைக் கடுகு விழுதில் தோய்த்தபடி அவரையே பார்த்தாள்.

"என்கிட்ட சொன்னதை அவர்கிட்ட சொல்லுங்க," என்றாள். "எனக்கு அது சம்பந்தமில்லாத கதை."

ஃபிர்மின் சொன்னார். கழுத்து, திருகாணி, தொண்ணூற்றேழு, நாய். அழுததை மட்டும் விட்டுவிடப் பார்த்தார், பிறகு அதையும் சொன்னார். சிரிப்பு வரப்போகிறது என்று அவர் தலையைக் குனித்துக்கொண்டார். அது மட்டும் அவருக்குச் சுலபம்.

சிரிப்பு வரவில்லை. ருலாண்ட் கையுறையைக் கழற்றி மேசைமேல் வைத்தான். "இந்த ரெண்டு விரலும் எட்டு மாசமா மரத்துக் கிடக்கு. சட்டைப் பொத்தானை என் பொண்டாட்டிதான் போட்டு விடறா. சைக்கிள் தாழ்வா இருக்கு, மாத்துன்னு ஹில்டா சொன்னா. மாத்தினா நீங்க..."

ஒருத்தன் முதுகுப் பையிலிருந்து வலி மாத்திரையை எடுத்து வைத்தான். இன்னொருத்தன் முட்டிப் பட்டை. மூன்றாவது ஆள் ஒரு களிம்பை வைத்துவிட்டு, எங்கே தடவுவது என்று மட்டும் கேட்காதீர்கள் என்றான். மேசையில் பீர் வைக்க இடமில்லை, மருந்துக்கடை மாதிரி ஆனது.

கடைசியாக ஒமேர் இருமினார். "குளிர்காலத்துல நான் இத்தாலி போயிருந்தேன்ல."

"ஆமா."

"ஆஸ்பத்திரி நாலாவது மாடிதான் அந்த இத்தாலி. இதயத்துல குழாய் வெச்சாங்க. மெதுவா மிதிக்கலாம், ஆனா முன்னாடி நின்னு காத்தை வாங்கிக் கூட்டத்தை இழுத்துட்டுப் போகாதேன்னு டாக்டர் சொன்னார்."

"நீங்கதானே ஒவ்வொரு வாரமும் முன்னாடி இழுக்கறீங்க!" என்றான் ருலாண்ட்.

"தலைவர் பின்னாடி வந்தா நல்லாவா இருக்கும்?"

அதுவரை சிரித்த முகமாக இருந்த யோசியானுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏன்யா, ரோட்டுல விழுந்து செத்ததுக்கப்புறம் உண்மையைச் சொல்லலாம்னு இருந்தீங்களா? அப்போ யார் வாயால சொல்லுவீங்க?"

திரும்பும்போது ஒமேர் நடுவில் வந்தார். முன்னால் போன ருலாண்ட் ஒரு மைலுக்கு ஒருதரம் திரும்பிப் பார்த்தான். இருபத்திமூன்று பேரும் ஒன்றாக ஊருக்குள் வந்து சேர மணி இரண்டாகிவிட்டது. உருளைக்கிழங்கு ஆறிப்போனதற்குக் கொலெட் திட்டினாள். ஃபிர்மின் ருசித்துச் சாப்பிட்டார்.

திங்கட்கிழமை பச்சைச் சைக்கிள் வீட்டுக்கு வந்தது. ஹில்டாவின் கடையில் அந்த மாதம் மட்டும் ஒன்பது பேரின் ஹேண்டில்பார் உயர்ந்தது. சங்கத்தின் வேகம் குறைந்தது. இதைக் கேள்விப்பட்டு, இனி நமக்கு எங்கே என்று வீட்டில் கிடந்தவர்கள் ஒவ்வொருத்தராக வர ஆரம்பித்தார்கள்.

அப்படி ஒரு ஞாயிறு, சூளையில் வண்டி ஓட்டிய ப்ரோஸ்பர் வந்து ஓரமாக நின்றான். கிட்டே வரவில்லை. "நான் வர்றேன். ஆனா எனக்குக் கொஞ்சம்..." என்று ஆரம்பித்து, இருபத்தாறு முகத்தையும் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல, விடுங்க," என்றான்.

ஃபிர்மின் பச்சைச் சைக்கிளை உருட்டிக்கொண்டு அவனிடம் போனார்.

"ப்ரோஸ்பர், உடம்புல இருக்கிற குறை யாரையும் தனியாக்கறதில்ல. அதை மறைக்கற பொய்தான் தனியாக்குது. அந்தப் பொய்யைச் சொல்ல வைக்கிறது நம்ம சிரிப்பு. அதுல அதிகம் சிரிச்சவன் நான்தான். டாக்டர்கிட்டயும் மறைக்காதே, கூட வர்றவங்ககிட்டயும் மறைக்காதே. நீ சொல்லு, இங்க ஒருத்தனும் சிரிக்க மாட்டான்."

"சர்க்கரை வியாதி," என்றான் ப்ரோஸ்பர் மெதுவாக. "திடீர்னு மயக்கம் வரும். நடுவுல நின்னு ஏதாவது தின்னணும்."

"ஒரு மணி நேரத்துக்கு ஒருதரம் நிக்கறோம்," என்று கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார் ஒமேர். "எல்லாரும் தின்னறோம்."

அந்த வருஷம் சங்கத்தில் இதைவிடப் பலமாகக் கைதட்டு வாங்கிய தீர்மானம் வேறு இல்லை.