ஆறுதலுக்குப் பொய் சொல்லாதவள்

நிலாவெளியில் ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசையில் கீர்த்தனி வேலை செய்தாள். மாரி தொடங்கி வெள்ளைக்காரர் வரத்து நின்றுவிட்டால் அங்கே தொலைபேசிகூட அடிக்காது. அந்தச் சும்மா இருக்கும் நேரத்தில்தான் முகநூலில் வாதாடப் பழகினாள். விசுவாசிகளும் அவிசுவாசிகளும் மல்லுக்கட்டும் ஒரு தமிழ்க் குழு அது. சைவக் குடும்பத்தில் பிறந்தும் எந்தச் சாமியையும் நம்பாதவள் அவள். அவளுடைய பதில்களை வாசிக்கவென்றே அங்கே ஒரு கூட்டம் இருந்தது.

அந்தக் கிழமை பேச்சு மன்னிப்பைப் பற்றியது.

“கொலைகாரன் மனந்திரும்பினால் மன்னிப்பு உண்டு. பரிசுத்த ஆவியைப் பழித்து ஒரு வார்த்தை சொன்னவனுக்கு மட்டும் எக்காலமும் இல்லை. இது எந்த ஊர் நீதி?” என்று அவள் எழுதினாள்.

எதிர்ப்பக்கத்தில் நின்றவள் துஷாந்தி. திருகோணமலை நகரில் ஒரு பாமசியில் மருந்து கொடுக்கும் வேலை, ஞாயிறு தவறாமல் தேவாலயம். “அந்தப் பாவத்தைச் செய்துவிட்டேனோ என்று பயப்படுகிறவர் அதைச் செய்திருக்க மாட்டார். மனம் கல்லாகிப் போனவருக்கு அந்தப் பயமே வராது” என்று அவள் பதில் போட்டாள்.

“வசதியான விளக்கம். எந்த வசனத்தில் இருக்கிறது?” என்று கேட்டாள் கீர்த்தனி. சிரிப்புக் குறிகள் வந்து குவிந்தன. கீர்த்தனிக்கு அன்றைய தேத்தண்ணீர் கூடுதலாக இனித்தது.

மறுநாள் காலை உள்பெட்டியில் ஒரு செய்தி கிடந்தது. அனுப்பியவரின் முகம் இல்லை. வள்ளம் ஒன்றின் படம்தான் இருந்தது.

“தங்கச்சி, நீங்கள் எழுதினதுதான் சரி. நான் அந்தப் பாவத்தைச் செய்தனான்.”

அதைப் படம்பிடித்துக் குழுவில் போட வேண்டும், உங்கள் போதனை ஒரு மனிதனை என்ன செய்து வைத்திருக்கிறது பாருங்கள் என்று கேட்க வேண்டும். அவளுக்கு முதலில் வந்த யோசனை அதுதான். படத்தையும் பிடித்துவிட்டாள். போடுவதற்கு முன், “என்ன சொன்னனீங்கள் அண்ணை?” என்று எழுதினாள்.

அவர் பெயர் குணரத்தினம். சாம்பல்தீவில் கடற்தொழில். மனைவி அன்னலட்சுமி முதலில் ஞானஸ்நானம் எடுத்தாள். அவள் பின்னால் இவரும் சபைக்குப் போனார். பிறகு அவளுக்குப் புற்றுநோய் வந்தது. சபையார் வீட்டுக்கு வந்து அவள் தலையில் கைவைத்துச் செபித்தார்கள். ஆவியானவர் சுகம் தந்துவிட்டார் என்று பாஸ்டர் அழுத்திச் சொன்னார். அவள் இறந்துபோனாள். செத்த வீட்டில் அவர்கள் பாட்டெடுத்தபோது குணரத்தினம் எழும்பி நின்று, “உங்களுக்குள்ள இருக்கிறது ஆவியானவர் இல்லை, பேய்!” என்று கத்தினார். அன்றிலிருந்து அவர் சபைப் பக்கம் போகவில்லை. செபிக்கவும் வாய் வரவில்லை.

“கடவுளே இல்லை அண்ணை. பிறகு பாவம் எங்கால?” என்று கேட்டாள் கீர்த்தனி.

“அது உங்களுக்கு. எனக்கு அவர் இருக்கிறார் தங்கச்சி. இருக்கிறபடியால்தானே பயம்.”

“பாஸ்டரிட்டக் கேட்கலாமே?”

“அவர் நல்ல மனுசன். தேடி வந்தவர், நான்தான் ஒளிச்சிட்டன். கேட்டால் என்ர மனம் நோகக்கூடாதெண்டு ஏதும் சொல்லுவார். நீங்கள் ஆறுதலுக்குப் பொய் சொல்லமாட்டியள். அதான் உங்களிட்டக் கேட்கிறன்.”

கீர்த்தனி குழுவில் போடவென்று பிடித்த படத்தை அழித்தாள். பிறகு குணரத்தினத்தின் கதையைச் சொல்லித் துஷாந்திக்குச் செய்தி அனுப்பினாள்.

இருவரும் பின்னேரம் உட்துறைமுக வீதியில் சந்தித்தார்கள். துஷாந்தி எதிர்பார்த்ததைவிட வயதானவளாக இருந்தாள்.

“நேற்று எல்லாரையும் சேர்த்து வைச்சுச் சிரிச்சனீங்கள்” என்றாள்.

“ஓம் அக்கா. பிழைதான்.”

“அந்த விளக்கத்தை நான் எங்கேயும் படிச்சுச் சொல்லேல்லை. என்ர அம்மா கனகாலம் அதே பயத்தோட இருந்தவ. அவவுக்கு ஒரு போதகர் சொன்னது. அதுக்குப் பிறகுதான் அவ நித்திரை கொண்டவ.”

கீர்த்தனி தலையைக் குனிந்துகொண்டாள். குணரத்தினத்தைப் பார்க்க இருவரும் நிலாவெளி பஸ்ஸில் ஏறிச் சாம்பல்தீவில் இறங்கினார்கள்.

குணரத்தினம் வாசலில் இரண்டு கதிரைகளைக் கொண்டுவந்து போட்டுவிட்டுத் தான் நின்றார். துஷாந்தி தன் தாயின் கதையைச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கீர்த்தனியைப் பார்த்தார்.

“இவ சொல்லுறதை நீங்கள் வசதியான விளக்கம் எண்டு எழுதினனீங்கள். இப்ப என்ன சொல்லுறியள்?”

“அது உண்மையோ எண்டு இப்பவும் எனக்குத் தெரியாது அண்ணை” என்றாள் கீர்த்தனி. துஷாந்தி திரும்பிப் பார்த்தாள். “ஆனால் பைபிளில அந்தப் பகுதியை இண்டைக்குத் திரும்ப வாசிச்சனான். நான் வெல்லுறதுக்காக வாசிச்சதால முதல் கவனிக்கேல்லை. மன்னிப்பில்லை எண்டு ஆரைப் பார்த்துச் சொன்னதோ, அந்த ஆக்கள், ஒருத்தன் சுகமாகி நிக்கிறதைக் கண்ணால பார்த்தவை. பார்த்துக்கொண்டே பேயின்ர வேலை எண்டவை. நீங்கள் அப்பிடி ஆரும் சுகமானதைப் பார்த்தனீங்களோ?”

அவர் கதவைப் பிடித்துக்கொண்டார்.

“சுகம் சுகம் எண்டு சொல்லச் சொல்லச் செத்துப்போன மனிசியைத்தானே பார்த்தனீங்கள்? ரெண்டும் ஒண்டில்லை. இதை ஆறுதலுக்குச் சொல்லேல்லை.”

குணரத்தினம் வாசற்படியில் குந்தினார். “ஓம்” என்றார். “அவளுக்குச் சுகம் வரேல்லை.” இன்னொரு முறை அதையே சொன்னார். “அதைச் சொன்னாலே விசுவாசக் குறைவெண்டு இவ்வளவு நாளும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தனான்.” தோள் குலுங்க அழுதார். துஷாந்தி எழும்பிப் போய் அவருக்குப் பக்கத்தில் அமர்ந்தாள். கீர்த்தனிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. குசினிக்குள் போய்த் தண்ணீர் எடுத்து வந்தாள்.

அடுத்த நாள் குழுவில், “துஷாந்தி அக்காவைக் கிண்டல் செய்தது என் பிழை. என் கேள்வி மட்டும் இன்னும் இருக்கிறது” என்று எழுதினாள். “இருக்கட்டும், அவசரமில்லை, ஆறுதலாகக் கதைப்பம்” என்று துஷாந்தி பதில் போட்டாள்.

சனிக்கிழமை குணரத்தினத்திடமிருந்து செய்தி வந்தது.

“பாஸ்டரிட்டப் போனனான் தங்கச்சி. நான் வாய் திறக்க முதல் அவர் என்ர கையைப் பிடிச்சவர். ‘சுகமெண்டு நான்தானே சொன்னனான், அது பிழை, என்னை மன்னியுங்கோ’ எண்டு அழுதவர். மன்னிப்புக் கேட்கப் போன என்னிட்ட அவர் கேட்கிறார்.”

“நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

பதில் வந்தது.

“உடன சொல்ல ஏலாமப் போச்சு. எனக்கு அவரில இன்னும் கோவம் இருக்குது. நாளைக்குச் சபைக்குப் போறன். போய்ப் பார்ப்பம்.”