அங்கியின் கீழ் மடிப்பு

என் வீட்டுக்காரர் சொன்ன நாளில் துணியைத் தைத்துக் கொடுத்ததாகச் சரித்திரமே கிடையாது. எங்கள் தையல் கடை வாசலில் நின்று அவரைத் திட்டாதவர்கள் அந்தத் தெருவில் குறைவு. "வெள்ளிக்கிழமைன்னீங்க, எந்த வருஷத்து வெள்ளிக்கிழமைன்னு கேக்காம விட்டது என் தப்புதான்" என்று மகளின் கவுனுக்காக நடந்து நடந்து ஓய்ந்த பஸ் டிரைவர் ஒருநாள் கத்தினார். இவர் டேப்பைக் கழுத்தில் போட்டபடி சிரித்தார். "துணி தொங்கிட்டிருக்கு அண்ணே. இறங்கட்டும்."

அது பாதிதான் சாக்கு. கீழே அகலமாக விரியும் உடையைத் தைத்த கையோடு மடித்துவிடக் கூடாது. தொங்கவிட்டால் துணி தன் கனத்திலேயே இறங்கும், ஒரு பக்கம் கூடுதலாக, ஒரு பக்கம் குறைவாக. இறங்கி முடிந்தபிறகு வெட்டிச் சமன் செய்து மடித்தால்தான் விளிம்பு நேராக நிற்கும். மெஷின் அவருடையது, அந்தக் கீழ் மடிப்பு என்னுடையது.

கடையின் பின்சுவரில் ஒரு வெள்ளை அங்கி தொங்கியது. போதகர்கள் போடுவது. யாருக்கு என்று கேட்டால் கூச்சமே இல்லாமல் "எனக்கு" என்பார். ஆண்டவர் தன்னை ஊழியத்துக்கு அழைத்துவிட்டார் என்று நம்பி, கல்யாணத்துக்கு முன்பே தனக்குத் தானே தைத்துக்கொண்டது. "என்னைப் போதகராக்குற அன்னைக்கு நீ கீழ மடிச்சுக் குடு" என்று புதிதில் சொன்னார். அடுத்த வாரமே நடந்துவிடும் என்று நானும் ஊசியில் நூலைக் கோத்து வைத்தேன், பைத்தியக்காரி.

ஆலயத்தில் ஒரு ஞாயிறு அவரைப் பேசச் சொன்னார்கள். பொறுமையைப் பற்றிப் பேசினார். அவர் பேசப் பேச ஜனங்களுக்கு அது போய்க்கொண்டே இருந்தது. முன்வரிசையில் கொட்டாவி, பின்வரிசையில் குறட்டை. ஒரு கைக்குழந்தை அழுததற்கு மேடையிலிருந்தே அதன் தாயை முறைத்தார். பாவம், அவள் எழுந்து வெளியே போய்விட்டாள். என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. முடிந்ததும் பெரிய போதகர் இவர் தோளைத் தட்டி, "இன்னும் கொஞ்ச நாள் போகட்டும், தம்பி" என்றார்.

கொஞ்ச நாளாம்! மாமனார் படுக்கையில் விழுந்தார். நாத்தனார்களைக் கரையேற்றினோம். பிள்ளைகள் வளர்ந்தார்கள். இவர் போய்க் கேட்கும்போதெல்லாம் "பார்க்கலாம்" என்றார்கள். இவருக்குப் பின்னால் வந்த பொடியன்களெல்லாம் போதகர் ஆனார்கள். அவர்களுக்கு அங்கி தைத்ததும் இவர்தான். வயிற்றெரிச்சலோடு கீழே மடித்துக் கொடுத்தது நான்.

"ஊர்ல எல்லாரையும் காக்க வைக்கிறீங்கல்ல, அதான் ஆண்டவர் உங்களுக்குத் திருப்பிக் குடுக்கிறார்" என்பேன்.

"இருக்கும்."

"நம்ம கடை எங்க இருக்குன்னே அவருக்கு மறந்துபோச்சுங்க."

மெஷினை நிறுத்தாமல் சொல்வார்: "அளவு எடுத்துட்டுப் போயிருக்கார்ம்மா. மறக்க மாட்டார்."

தாமதத்தின் மீதிப் பாதிக்குக் காரணம் வேறு. ஒருவரின் இடுப்பளவு குறைந்திருந்தால் ஏன் இளைத்தீர்கள் என்று கேட்பார். அவர்கள் சொல்ல ஆரம்பித்தால் டேப்பைச் சுருட்டி வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். துணி மலையாகக் குவிந்துகிடக்க, யாரோ ஒருவர் ஸ்டூலில் அமர்ந்து அழுதுகொண்டிருப்பார். பக்கத்தில் இவர் ஒரு வார்த்தை பேசாமல் இருப்பார். நான் உள்ளே பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன்.

பிறகு வயது வரம்பும் தாண்டியது. இனி கேட்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அன்று அவர் சாப்பிடவில்லை. "நான்தான் தப்பாக் கேட்டுட்டேனோ? ஆண்டவர் என்னைக் கூப்பிடவே இல்லையோ?" என்று அழுதார். அதுவரை நான் ஆண்டவரிடம் போட்டதெல்லாம் விளையாட்டுச் சண்டை. அன்றுதான் நிஜமாகக் கோபம் வந்தது. சுவரில் தொங்கிய அங்கியை எடுத்துப் பெட்டியில் போடப் போனேன்.

"இருக்கட்டும்மா. தொங்கட்டும்" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அவர் தலை முழுக்க நரைத்தபிறகு ஒருநாள் ஆலயத்துப் பெரியவர்கள் கடைக்கு வந்தார்கள். பாடகர் குழுவின் உடுப்பு தாமதமாவதற்குச் சண்டை போட வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஊரோரத்துச் சின்ன ஆலயத்துக்குப் போதகர் கிடைக்கவில்லையாம். வயது விதியைத் தளர்த்தியிருக்கிறார்களாம்.

"அங்க ஜனங்க இவரைத்தான் கேக்கறாங்க."

"எந்த ஜனங்க?" என்றேன்.

"எல்லாம் உங்க கடைக்கு வர்றவங்கதாம்மா."

அங்கியைப் போட்டுக்கொண்டு என் முன்னால் நின்றார். மனிதர் குறுகியிருந்தார், துணி இறங்கியிருந்தது. நாலு விரற்கடை தரையில் புரண்டது. நான் மண்டியிட்டு, சுற்றிலும் வெட்டிச் சமன் செய்து மடித்தேன்.

"அவசரமில்ல, நிதானமாத் தை."

"இனிமேலுமா?" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். எனக்குத்தான் சிரிப்பு நடுவில் உடைந்துபோனது.

முதல் ஞாயிறு. மேடையில் நின்று எல்லோரையும் பார்த்தார். "உங்க எல்லாரையும் ரொம்பக் காக்க வச்சிருக்கேன்" என்றார். ஆலயமே சிரித்தது. பஸ் டிரைவர் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "நானும் காத்திருந்தேன்" என்று இவர் தொடங்கியபோது, டிரைவரின் மகள் மடியில் இருந்த குழந்தை வீரிட்டது. அவள் பதறி எழுந்தாள்.

"உக்காரும்மா. அழட்டும். நான் நிறுத்திக்கிறேன்."

குழந்தை ஓயும்வரை அங்கேயே பேசாமல் நின்றார். ஒருவரும் கொட்டாவி விடவில்லை.

அந்த அங்கியை அவர் போட்டது கொஞ்ச காலம்தான். அதிலேயே அவரை அடக்கம் செய்தோம். இன்னும் கொஞ்சம் முன்னாடி கூப்பிட்டிருக்கக் கூடாதா என்று இன்றும் ஆண்டவரிடம் சண்டை பிடிக்கிறேன். அப்புறம் அந்தப் பழைய பொறுமைப் பிரசங்கமும், அன்று அவர் முறைத்து வெளியே போன தாயும் நினைவுக்கு வரும். வாயை மூடிக்கொள்வேன்.

அங்கியின் கீழே அன்று வெட்டிய துண்டு என் ஊசி டப்பாவில் இருக்கிறது. அவர் நினைப்பு வரும்போது எடுத்து விரலில் சுற்றிக்கொள்கிறேன். ஓரம் பிரிந்து நூல் நூலாக வருகிறது, மடித்துத் தைத்து வையுங்கள் அம்மா என்கிறாள் மகள். தைக்கலாம். எனக்கு இப்போது அவசரமில்லை.