வேர் விட்ட பலகைகள்

நெப்ராஸ்காவின் டோரன் ஊரில், கல்லூரிப் பயிற்சியாளர் வீட்டு வாசலில் ஊன்றிய 'வீடு விற்பனைக்கு' பலகைகள் தளிர் விட்டது 1974 அக்டோபர் இருபத்திரண்டு, செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்தைய சனிக்கிழமை எங்கள் அமெரிக்கக் கால்பந்து அணி நாற்பத்தொரு புள்ளி வித்தியாசத்தில் மண்ணைக் கவ்வியிருந்தது. அப்படித் தோற்றால் தலைமைப் பயிற்சியாளர் வாசலில் விற்பனைப் பலகை ஊன்றி, மூட்டையைக் கட்டு என்று சொல்லாமல் சொல்வது இந்தப் பக்கத்து வழக்கம். ஞாயிறு பிரார்த்தனை முடிந்த கையோடு பதினாறு பலகை ஊன்றினார்கள். மாதக் கடைசியில் அவை கூரை உயர மரங்களாகி நின்றன. ஒவ்வோர் இலையிலும் வீட்டுத் தரகரின் தொலைபேசி எண் பிசகில்லாமல் இருந்தது.

அப்போதைய பயிற்சியாளர் மெர்ல் செட்லாசெக் உண்மையாகவே மூட்டை கட்டினார். வாசலுக்கு வந்தால், அவர் தோளை நுழைக்கும் இடத்திலெல்லாம் மரங்கள் நெருங்கி நின்றுகொண்டன. தபால்காரர் போனார், பூனை போனது, அவர் மட்டும் போக முடியவில்லை. அறுத்துப் பார்த்தார்கள், மறுநாள் ஒன்று இரண்டாக முளைத்தது. கொல்லைக் கதவிலிருந்து ஆட்ட மைதானத்துக்குப் போகும் வழி மட்டும் திறந்திருந்தது; மைதானத்தின் வாசலிலும் அவருக்கு மட்டும் இதே கதை. கல்லூரி அவரை வேலையிலிருந்து நீக்கியது. வீட்டிலிருந்து நீக்க முடியவில்லை. 1983இல் வர்ஜில் வோண்ட்ரா வந்தார், ஒப்பந்தப்படி அதே வீட்டில் குடியேறினார், மாட்டிக்கொண்டார். 1991இல் வெயின் கோல்டர்மன். தெரிந்தே ஏன் வந்தார் என்று கேட்கலாம். தலைமைப் பயிற்சியாளர் பதவி என்றால் நரகத்துக்கும் விண்ணப்பம் போடுகிற ஆட்கள் அவர்கள்.

வெளியூர் ஆட்டங்களைக் கோல்டர்மன் தொலைபேசியிலேயே நடத்தினார். தோல்விக்குத் தோல்வி மரங்கள் கூடின. சாப்பாட்டு மேசையில் பழைய பயிற்சியாளர் இருவருக்கும் ஒரே சண்டை.

"ஒரு கெஜம்தானே பாக்கி, ஓடச் சொல்லாம எதுக்குய்யா உதைக்கச் சொன்ன?" என்பார் செட்லாசெக்.

"நீ ஓடச் சொன்ன லட்சணத்துலதான் மொதப் பதினாறு மரம் நிக்குது" என்பார் வோண்ட்ரா.

கோல்டர்மன் நினைப்பெல்லாம் மகள் நோரீன்மேல் இருந்தது. விவாகரத்துக்குப் பிறகு அவள் கியர்னி நகரத்தில் தாயோடு வளர்ந்தாள். அவளுடைய பிறந்தநாள் அக்டோபரில். ஒன்றுக்குக்கூட அவர் போனதில்லை. இங்கே இலையுதிர் காலச் சனிக்கிழமையில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை, பிணத்தைக்கூட ஞாயிறு வரை காக்க வைப்பார்கள். நோரீன் வேண்டுமென்றே 1998 அக்டோபர் பத்து, சனிக்கிழமை, மதியம் ஒரு மணி என்று நாள் குறித்தாள். ஆட்டம் தொடங்குவதும் ஒரு மணிக்கு.

"வருவீங்களா மாட்டீங்களா, அதை மட்டும் சொல்லுங்க" என்றாள் தொலைபேசியில்.

"வரத்தான் துடிக்கிறேன் கண்ணு. மரம் விட்டாத்தானே?"

"ஒரு தடவை பனி விடல. இன்னொரு தடவை அயோவாக்காரனோட ஆட்டம் விடல. இப்ப மரமா? நல்லா இருக்குப்பா." வைத்துவிட்டாள்.

அந்த ஆண்டு அணி ஜெயிக்கத் தொடங்கியது. ஒவ்வொரு வெற்றிக்கும் இரண்டு மரங்கள் பட்டு விழுந்தன. நான்காவது வெற்றிக்குப் பிறகு தபால்பெட்டி அருகே ஓர் ஆள் ஒருக்களித்து நுழையுமளவு இடைவெளி விழுந்தது. வோண்ட்ரா அளவு நாடாவோடு போய் அளந்துவிட்டு வந்து, "மூச்சைப் புடிச்சுக்கிட்டா போயிரலாம்" என்றார். கோல்டர்மன் வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் ஆட்டத்தைத் துணைப் பயிற்சியாளரிடம் ஒப்படைத்தார். சாம்பல் நிறத்தில் ஒரு கோட்டு சூட்டைத் தபாலில் வரவழைத்தார்.

அதுதான் வினையாயிற்று. பயிற்சியாளர் சூட் வாங்கினால் இந்த ஊரில் அதற்கு ஒரே பொருள்: பெரிய கல்லூரியில் நேர்காணல். தபாலில் வந்த சூட் பொட்டலத்தைப் பார்த்தவர்கள் ஊரெல்லாம் சொன்னார்கள். வியாழன் சாயங்காலம் நூறு பேர் திரண்டு வந்து, 'வெயின், எங்களை விட்டுப் போகாதே' என்று எழுதிய பலகைகளைச் சரியாக அந்த இடைவெளியில் ஊன்றினார்கள்.

"அங்க ஊனாதீங்கய்யா!" என்று உள்ளேயிருந்து கத்தினார் கோல்டர்மன். "எம் பொண்ணுக்குச் சனிக்கெழம கல்யாணம்யா!"

"சனிக்கெழம கல்யாணமா?" கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. "பொய்யாவது பொருந்தச் சொல்லுங்க, கோச்!"

வெறுப்பில் ஊன்றியது தளிர் விட இரண்டு நாள் ஆகும். ஆசையில் ஊன்றியதற்கு ஓர் இரவு போதுமாக இருந்தது. வெள்ளி காலையில் அங்கே பூனைகூட நுழைய முடியாது. சனிக்கிழமை பன்னிரண்டு மணி வரை முட்டி மோதியதில் சூட்டின் முழங்கை கிழிந்து, காதில் ரத்தம் வந்தது. பிறகு போக வேறு இடமில்லாததால் மைதானத்துக்குப் போனார். இருபத்து நான்குக்கு இருபது என்று ஜெயித்தார்கள். அந்த ஆட்டத்தில் ஒரு நொடிகூட அவருக்கு நினைவில்லை.

சூரியன் சாய்வதற்குள் நோரீன் கல்யாண உடுப்போடு வந்து இறங்கினாள், நாலு கேள்வி நறுக்கென்று கேட்பதற்காக. மரங்களைப் பார்த்தாள். மரங்களுக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்தாள்.

"சூட் எப்ப வாங்குனீங்க?"

"போன மாசம்."

"கிழிஞ்சிருக்கு."

"ஆமா."

அவள் அழுதாள். அவரும் அழுதார். பிறகு அவள் இரண்டு மரங்களுக்கு நடுவே கையை நீட்டினாள், அவர் பிடித்துக்கொண்டார். அவள் வெளியேயும் அவர் உள்ளேயுமாக நடந்தார்கள். ஒவ்வொரு மரத்திலும் கையை விட்டு, அடுத்த இடைவெளியில் மறுபடி பிடித்தார்கள். மொத்தம் நாற்பத்து மூன்று மரம். செட்லாசெக்கும் வோண்ட்ராவும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு பின்னாலேயே வந்தார்கள், வாழ்நாளில் முதல்முறையாக வாய் பேசாமல். கடைசி மரத்துக்கு வெளியே, கார் அருகே மாப்பிள்ளை நின்றிருந்தான்.

திங்கட்கிழமைச் செய்தித்தாளில் ஆட்டத்தின் புள்ளிகள் முதல் பக்கத்தில் வந்தன. ஏழாம் பக்கத்தில் மூன்று வரி: கியர்னியில் திருமணம், மணமகளை அவள் தந்தை, டோரன் கல்லூரித் தலைமைப் பயிற்சியாளர், உள்ளிருந்தபடியே கைப்பிடித்துக் கொடுத்தார்.