ஷிஜினின் வெள்ளிச் சிலுவை

ஒரு நாட்டு ராஜாவின் பெயரில் வந்த மெடலை நீங்கள் கையில் வாங்கியிருக்கிறீர்களா? நான் வாங்கினேன். எனக்குக் கொடுத்ததல்ல, ஷிஜினுக்குக் கொடுத்தது. அவன் இல்லாததால் என் கையில் தந்தார்கள்.

நாங்கள் இருவரும் ஒரே ஊர், கன்னியாகுமரிக்கு மேற்கே கடலோரம். ஸ்பெயினில் வீகோ துறைமுகத்தில் அவன் மீன்பிடிக் கப்பலில் ஏறினான். நான் அங்கேயே கரையில் மீன் இறக்குகிறேன். போன குளிர்காலத்தில் அந்தக் கப்பல் கவிழ்ந்தது. கூட வேலைபார்த்த இரண்டு ஸ்பெயின்காரர்களை மிதவையில் ஏற்றிவிட்டான். அவன் கிடைக்கவில்லை.

ஆள் கிடைக்காவிட்டால் உடுப்பைச் சவப்பெட்டியில் வைத்து அடக்குவது எங்கள் ஊர் வழக்கம். அவன் மனைவி பெபிஷா அதற்குச் சம்மதிக்கவில்லை. "அவரு வேண்டாமுன்னு போட்டுட்டுப் போன சட்டயாக்கும் வீட்டுல கெடக்குது. அதையா அடக்க?" என்று பங்குச் சாமியாரிடம் கேட்டாளாம். அதனால் அடக்கம் நடக்காமலே இருந்தது.

விடுப்பில் வந்து மெடலை அவளிடம் கொடுத்தேன். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"இது அவரு கடல்ல செய்ததுக்கு வந்ததுதானே, அண்ணா?"

"ஆமா."

"அப்போ இத வச்சு அடக்கலாம்."

களியக்காவிளையில் பெட்டிக்குச் சொன்னாள்.

மத்தியானம் பங்குப் பேரவைச் செயலாளர் கிளீட்டஸ் வந்தார். மெடலைக் கோயிலில் கண்ணாடிக் கூட்டில் வைக்க வேண்டுமாம். 'ஸ்பெயினின் உச்ச விருது' என்று பிளெக்ஸ் அடித்தாகிவிட்டதாம்.

"மண்ணுக்குள்ள போட உள்ள சாதனமா இது? ஊருக்கே பெருமயில்லியா?"

"ஊருக்கு வேற பெருமய பாருங்க. எனக்க மாப்பிளய நான் அடக்கணும்."

"கோவப்படாத மோளே. நான் போன்ல பாத்தேன். வாங்குனவன் செத்தா ராஜாவுக்குத் திருப்பிக் கொடுக்கணும். நாளைக்கு எம்பசிக்காரன் வந்து கேட்டா குழியத் தோண்டுவியா?"

பெபிஷா என்னைப் பார்த்தாள். மெடல் கொடுத்த இடத்தில் ஒரு பெண் எனக்குச் சொன்னதைச் சொன்னேன்.

"இந்த விருதுல ஏழு தரம் உண்டு. திருப்பிக் கொடுக்கது ஆக மேல உள்ள சங்கிலிய மட்டுந்தான். கழுத்துல போடுகது. அது வேற நாட்டு ராஜாக்கமாருக்கு உள்ளது. பிறகு பெருஞ்சிலுவை. அதுக்குக் கீழ கமாண்டரு, அதுலயே ரெண்டு தரம் உண்டு. ஆபீசர் சிலுவை, வெறும் சிலுவை, அதுக்கும் கீழ வெள்ளிச் சிலுவை. இது அதாக்கும்."

"அதுக்குக் கீழ?" என்றார் கிளீட்டஸ்.

"ஒண்ணும் இல்ல."

"ஏலே, பிளெக்ஸ்ல உச்சமுன்னு போட்டாச்சே. இத முன்னமே சொன்னா என்ன? வாயில என்ன, மீனா கெடந்துது?"

"நீங்க கேக்கல்லியே."

பெபிஷா குறுக்கே கேட்டாள். "இத யாரு அண்ணா தொடங்குனது?"

"பதிமூணாம் அல்போன்சோன்னு ஒரு ராஜா. தொள்ளாயிரத்தி இருவத்தாறுல. பிறகு அஞ்சு வருசத்துல அவரே நாட்ட விட்டுப் போயிட்டாரு. ஆட்சி மாறி மாறி வந்தாலும் மெடலு நிக்குது."

"தொடங்குன ராஜாவே போயிட்டாரு. வெள்ளிக்கு யாரு வந்து கேக்கப் போறா?"

கிளீட்டஸ் எழுந்தார். "கடைசித் தரத்துக்குக் கண்ணாடிக் கூடு வச்சா பக்கத்து ஊருக்காரன் சிரிப்பான். கொண்டு அடக்குங்க." வாசலில் நின்று போனில் யாரிடமோ, "பிளெக்ஸ கெட்டாண்டாம் மக்கா, அதுல தப்பு உண்டு" என்றார்.

அவருக்குப் போட்ட டீயை நான் குடித்தேன். பெபிஷா மெடலை ஷிஜினின் கைலியில் சுற்றி அலமாரியில் வைத்தாள். அழவில்லை.

மறுநாள் காலை பூசை முடிந்து, மெடலை மட்டும் வைத்த பெட்டியைக் கல்லறைத் தோட்டத்தில் இறக்கினோம். தூக்க நான்கு பேர் வந்திருந்தார்கள், இரண்டு பேர் போதுமாக இருந்தது. பெபிஷா ஒரு பிடி மண் போட்டாள். பிறகு நான் வேலைக்குத் திரும்ப வடசேரி பஸ் ஸ்டாண்டுக்குப் பஸ் ஏறினேன்.