பெட்டிக்குள் கொறிப்பது யார்

காதுக்காரர் போன பிறகு அந்த வீட்டில் வாய் ஓயாமல் இருந்தது அவருடைய கம்ப்யூட்டர் ஒன்றுதான். படுக்கையறை மூலையில், மேசைக்கு அடியில் இருந்த பெட்டிக்குள் ஏதோ எலி புகுந்து காய்ந்த ரொட்டியைக் கொறிப்பது மாதிரி கர்ர், கர்ர் என்று ஒரு சத்தம். கண்ணில் தூசி விழுந்தவனைப் போல முன்பக்கச் சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும்.

காதுக்காரர் என்பது தெருக்காரர்கள் வைத்த பெயர். காது கேட்கும் கருவிகளைப் பழுது பார்ப்பது அவர் தொழில். ஊரார் காதையெல்லாம் சரி செய்தவருக்கு வீட்டில் சொன்னது மட்டும் விழாது. அவர் மனைவி பாடப் புத்தகங்களுக்குப் பிழை திருத்துகிறவள். அதனால் அவளுக்கு அவர் வைத்த பெயர் 'பிழை'. "பிழை, என் கண்ணாடியைப் பாத்தியா?" என்பார். "உங்க மூக்கு மேலதான் இருக்கு" என்பாள் அவள். கல்யாண வாழ்க்கையில் பாதி இந்த உரையாடலிலேயே கழிந்தது.

அச்சகத்திலிருந்து வரும் பக்கங்களை அவள் அந்தக் கம்ப்யூட்டரில்தான் திருத்த வேண்டும். ஒரு பக்கம் திறப்பதற்குள் டீ போட்டுக் குடித்து, தம்ளரையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு வரலாம். பொறுத்துப் பார்த்து, கடைசியில் கொழுந்தனைக் கூப்பிட்டாள். அவன் தண்ணீர் வடிகட்டி விற்கிறவன். ஆனால் உலகத்தில் எதைப் பற்றிக் கேட்டாலும் ஒரு கருத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டுவான்.

"ஃபார்மேட் பண்ணிடலாம் அண்ணி. எல்லாத்தையும் சுத்தமா துடைச்சுட்டா புதுசு மாதிரி ஆயிடும்."

"உங்க அண்ணனைக்கூட ஆஸ்பத்திரியில சுத்தமா துடைச்சுத்தான் குடுத்தாங்க தம்பி. புதுசு மாதிரியா ஆனாரு?"

கொழுந்தன் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் அதை இருமலாக மாற்றிக்கொண்டான்.

"போட்டோவெல்லாம் தனியா எடுத்தாச்சு. வேற என்னதான் இருக்கு இதுல?"

"அது தெரியாமத்தான் வேண்டாங்கறேன். ஒரு வரியில பிழை இருந்தா புத்தகத்தையே கொளுத்துவியா? மொதல்ல கொறிக்கிறது யாருன்னு கண்டுபிடி."

"சாயங்காலம் வரைக்கும் பாக்கறேன். ஆள் சிக்கலேன்னா துடைச்சிடுவேன். அப்புறம் அழக் கூடாது."

அவள் தலையாட்டினாள். வேலை நின்றால் சோறு நின்றுவிடும். ஆனாலும் மேசைக்கு அடியில் ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொண்டாள். அவருடைய சட்டைகளை மகள் யார் யாருக்கோ கொடுத்துவிட்டாள். கருவிகளைக் கடைக்காரர் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் வைத்தது வைத்தபடி மிச்சம் இருந்தது இந்தப் பெட்டியின் உட்புறம் மட்டும்தான்.

ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களின் பட்டியலைக் கொழுந்தன் திறந்தான். 'டிஸ்க்' என்ற தலைப்பைத் தட்டியதும் அதிகம் தின்கிறவை பந்தியில் முதல் வரிசை பிடிப்பதுபோல மேலே வந்து உட்கார்ந்தன. மொத்தக் கணக்கு நூறு சதவீதத்தில் சிவந்து கிடந்தது. முதல் இரண்டு இடத்திலும் வைரஸ் தடுப்பு புரோகிராம்கள்.

"இதை யார் போட்டது?"

"மேல இருக்கறது நான்தான் அண்ணி. அண்ணன் காரியத்துக்கு வந்தப்ப. பாதுகாப்புக்குன்னு."

"கீழ இருக்கறதை மாப்பிள்ளை போட்டாரு. அதே வாரம். சாவு வீட்டுக்கு வந்தவங்க ஆளுக்கு ஒண்ணைப் போட்டுட்டுப் போயிருக்கீங்க."

இவன் தொட்ட ஃபைலை அவன் சோதிக்கிறான். அவன் சோதித்ததை இவன் சந்தேகப்படுகிறான். சம்பந்திகள் ஒருவர் பையை ஒருவர் துழாவுவது போல மாதக்கணக்கில் நடந்திருக்கிறது. மாப்பிள்ளையுடையதைக் கொழுந்தன் பெருமகிழ்ச்சியோடு நீக்கினான். சத்தம் பாதி குறைந்தது. அடுத்தது, தேடினால் சட்டென்று எடுத்துக் கொடுப்பதற்காக எல்லா ஃபைலையும் படித்துக் குறித்துவைக்கும் புரோகிராம்.

"வீட்டு வீடா போய் விசாரிச்சு வெச்சுக்கும் அண்ணி."

"உங்க அத்தை மாதிரி. கொஞ்ச நேரம் உக்கார வை."

உட்கார வைத்தான். ஆனாலும் கர்ர், கர்ர் நிற்கவில்லை. மூன்றாவதாக ஒன்று மேலே தாவி வந்தது. பெயரைப் படிப்பதற்குள் கீழே இறங்கி மறைந்தது.

"பாத்தியா?"

"எங்க?"

மறுபடி வந்தது. இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையையே பார்த்தார்கள். உடனே போய்விட்டது. ஒன்றும் நடக்கவில்லை. "என்ன கழுதை இது" என்று கொழுந்தன் அலுத்துக்கொண்டதும் துள்ளி மேலே வந்தது.

"தம்பி, நாம பேசினா வருது. வாயை மூடினா போயிடுது." அவள் கையைத் தட்டினாள். சிவப்பு விளக்கு படபடத்தது.

கொழுந்தன் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். "அண்ணி... அண்ணன் கேட்டுட்டு இருக்காரா?"

"உயிரோட இருந்தப்பவே கேக்கல. இப்பத்தான் கேக்கப் போறாராக்கும்."

சொல்லிவிட்டாளே தவிர, அவளும் ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"நீ நிறுத்தாம பேசு. உனக்குச் சொல்லியா தரணும்?"

அண்ணன் கம்ப்யூட்டரைப் பார்த்துக் கொழுந்தன் வடிகட்டியின் மகிமையைச் சொல்லத் தொடங்கினான். குடிநீரில் கண்ணுக்குத் தெரியாமல் மிதப்பவற்றைப் பற்றி அவன் உருகி உருகி விவரிக்க, அந்தப் புரோகிராம் முதல் இடத்தில் அசையாமல் நின்றது. அவள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தாள். ஒலிப்பதிவு செய்யும் புரோகிராம். கம்ப்யூட்டரைப் போட்டதுமே தானாக எழுந்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒரே ஃபைலில் சேர்த்துக்கொண்டே போகிறது. ஒரு கால்புள்ளியைச் சேர்க்கப் புத்தகம் முழுவதையும் மறுபடி அச்சடிக்கிறவனைப் போல, ஒவ்வொரு தடவையும் அத்தனையையும் முதலிலிருந்து எழுதுகிறது. அந்த ஃபைலின் பெயர்: குரட்டை.

அவள் நாற்காலியில் சாய்ந்துவிட்டாள்.

யார் குறட்டை விடுவது என்பது அந்த வீட்டின் தீராத வழக்கு. அவர்தான் என்பாள் அவள். "பிழை, ஆதாரத்தோட நிரூபிக்கிறேன் பாரு" என்று போன வருடம் அவர் சவால் விட்டார். அவர் கடைக்குப் போன ஒரு மத்தியானம் அவள் இதே கம்ப்யூட்டரில் 'குறட்டை' என்று தேடினாள். ஒன்றும் இல்லை. அன்றைக்குச் சாப்பாட்டு வேளையில் வெற்றியை அறிவித்தாள். அவர் ரசத்தைப் பார்த்துச் சிரித்தார். வல்லின ற போட்டுத் தேடியவளுக்கு இடையின ர எப்படிக் கிடைக்கும்?

மைக்கைத் தேடினார்கள். கம்ப்யூட்டரின் பின்புறத்திலிருந்து கிளம்பிய மெல்லிய வயர், சுவரோரமாகவே போய்க் கட்டிலின் தலைமாட்டில் முடிந்தது. காதுக் கருவியிலிருந்து பிடுங்கிய பருப்பளவு மைக், பலகைக்குப் பின்னால் ஒட்டியிருந்தது.

கொழுந்தன் ஃபைலை ஓடவிட்டான். முதலில் ஒரு சத்தம். சரளைக்கல் ஏற்றிய லாரி மேட்டில் கியர் மாற்றுவது மாதிரி. அதற்கு மேல் ஒரு குரல், கிசுகிசுப்பாக, மகா சந்தோஷமாக: "கேட்டுக்கோ பிழை. நான் முழிச்சுட்டுதான் இருக்கேன். இது நான் இல்ல."

கொழுந்தன் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். பிறகு குலுங்குவது நின்றது. கையை மட்டும் எடுக்கவில்லை.

அவள் ஃபைலைக் கொஞ்சம் தள்ளி ஓட்டினாள். அவர் குறட்டை. இன்னும் தள்ளினாள். இருவரும் சேர்ந்து, எசப்பாட்டு மாதிரி. கடைசிப் பகுதியில் ஒரே ஒரு லாரி. நடுநடுவே, யாருமில்லாத அறையில் அவள் யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். கேஸ் தீர்ந்ததற்கு, விளக்கு ஃபியூஸ் போனதற்கு, சொல்லாமல் கொள்ளாமல் போனதற்கு.

"நிறுத்திடவா அண்ணி? விட்டா டிஸ்க் செத்துடும். அப்புறம் இதுவும் போயிடும்."

"இரு." அவள் தலைமாட்டுப் பக்கம் குனிந்தாள். "சரி, ஒத்துக்கறேன். நானும்தான். நீங்களும்தான்னு இதுலேயே இருக்கு, தப்பிக்கப் பாக்காதீங்க."

சிவப்பு விளக்கு படபடத்தது. எழுதி முடிக்கும்வரை காத்திருந்து, அவளே புரோகிராமை நிறுத்தினாள். கொறிப்பது அடங்கியது. ஃபைலை இரண்டு பென்டிரைவில் எடுத்துக்கொண்டாள்.

"அண்ணன் தெரியாம தப்பா எழுதினாரா, உங்ககிட்டேருந்து ஒளிக்கவா?"

"தெரியாமன்னா, இத்தனை வருஷம் என்கூட இருந்தும் கத்துக்கல. தெரிஞ்சேன்னா, என்னை அழகா ஏமாத்திட்டாரு. எதுக்குத் திட்டறதுன்னுதான் புரியல."

"அப்ப ஃபார்மேட் வேண்டாம்?"

"உன்னோட வைரஸ் தடுப்பை வேணா துடைச்சுட்டுப் போ."

அவன் போன பிறகு அச்சகப் பக்கத்தைத் திறந்தாள். தட்டியதும் திறந்தது. டீ போட நேரமே இல்லை. அதை மூடிவிட்டு முதலில் அந்த ஃபைலின் பெயரில் இருந்த 'ர'வை 'ற'வாகத் திருத்தினாள். பிறகு தேடும் கட்டத்தில் 'குறட்டை' என்று அடித்தாள். கிடைத்தார்.