உச்சியில் தேய்த்த கண்டிஷனர்

வண்டியிலிருந்து விழுந்து வலது கையில் மாவுக்கட்டு போட்டு ஒன்பது நாள் ஆகியிருந்தது. தலைக்குக் குளித்தும் ஒன்பது நாள். தொட்டால் விரலெல்லாம் பிசுபிசுப்பு. கோச்சடை வீட்டில் நானும் சிவபாண்டியும் மட்டும்தான். கல்யாணமாகி மூன்றே மாதம். ‘சாப்பிட்டீங்களா’ என்பதைத் தாண்டி எங்கள் பேச்சு இன்னும் வளரவில்லை. அவரிடம் போய் இந்த அழுக்குத் தலையை எப்படிக் காட்டுவது?

மேலூரிலிருந்து அம்மா, “கட்டுப் பிரிக்கிற வரைக்கும் இங்க வந்து இரு பவா. நாளைக்கு அப்பாவை அனுப்புறேன்” என்றதும் பையை எடுத்து வைத்துவிட்டேன். அவர் பையைப் பார்த்தார். போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு அதில்தான் ஆத்திரம்.

காலையில் பார்த்தால் குளியலறையில் ஸ்டூல் போட்டுக் காத்திருக்கிறார். “வா, நான் அலசி விடுறேன்.”

மாவுக்கட்டின் மேல் பாலித்தீன் பையைக் கட்டிவிட்டு ஷாம்பு போட்டார். அப்புறம் கண்டிஷனரை உச்சியில் கொட்டி, சனிக்கிழமை நல்லெண்ணெய் தேய்ப்பதுபோல் சூடு பறக்கத் தேய்த்தார். “அரை மணி நேரம் ஊறட்டும்” என்றார். நான் தடுத்திருக்கலாம். அந்தக் கை அவ்வளவு சுகமாக இருந்தது, வாயை மூடிக்கொண்டேன். கடைசியில் ரெண்டே கப் தண்ணீர். “தேய்ச்சதெல்லாம் போயிரக் கூடாதுல்ல.”

காய்ந்ததும் முடி மண்டையோடு அப்பிக்கொண்டது. முன்னைவிட மோசம்.

“இது என்ன தலையா, உங்க டிராக்டர் பட்டறையில கிரீஸ் வச்ச பேரிங்கா?” என்று கத்திவிட்டேன். முகம் சுண்டிப்போய், சட்டையை மாட்டிக்கொண்டு வெளியேறினார். நாக்கில் சூடு போட வேண்டும் எனக்கு.

அரை மணி நேரத்தில் திரும்பி வந்தார். உள்ளங்கை முழுக்கப் பேனா எழுத்து. தெருமுனைப் பார்லருக்குள் ஆண்களை விடமாட்டார்கள்; வாசலில் நின்றே அந்த அக்காவிடம் கேட்டிருக்கிறார்.

“ஷாம்பு வேர்ல. கண்டிஷனரு காதுக்குக் கீழதானாம், மண்டையில படவே கூடாதாம். ரெண்டு நிமிசம் விட்டு, வழுவழுப்பு போற வரைக்கும் அலசணும். முடி எம்புட்டு நீளம்னு கேட்டுச்சு. இந்தா வரைக்கும்னு இடுப்பைக் காட்டுனேன். சிரிச்சிருச்சு.”

மறுபடி ஸ்டூல். கடிகாரத்தைப் பார்த்து ரெண்டு நிமிடம். பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர். கையில் எழுதியிருந்தது எல்லாம் கரைந்துபோனது.

காய்ந்த முடி தனித்தனியாக விழுந்தது. பின்னால் உட்கார்ந்து நுனியிலிருந்து சிக்கெடுத்தபடி மெல்லச் சொன்னார்: “போகணும்னா போ. தலை அலச ஆளில்லன்னு மட்டும் போகாத. நீ இல்லாம வீடு நல்லாருக்காது.”

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்போது பார்த்து அம்மாவின் போன். “அப்பா பஸ் ஏறிட்டாரு. ரெடியா?”

“வரட்டும்மா. சாப்பிட்டுட்டுப் போகட்டும். நான் வரல.”

“ஏன்டி, ஒத்தக் கையை வச்சுக்கிட்டு யாரு தலை அலசி விடுவா?”

“இவருதான்” என்றேன்.

முடிக்குள் ஓடிக்கொண்டிருந்த சீப்பு நின்றது.